வேகம் குறையும்போது டிரைவ் எதை வைத்துக் கணிக்கும்?

என்கோடர் (மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டரின் கோணத்தை அளக்கும் சென்சார்) இல்லாத டிரைவ், அதாவது மோட்டாரை ஓட்டும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி, காலையில் மோட்டாரை நன்றாக ஓட்டும். ஒரு மணி நேரம் கழித்து அதே லோடில், அதே மெதுவான வேகத்தில் உதறத் தொடங்கும். இந்தப் புகாரோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு நாள் கெயினை (பிழையை டிரைவ் எவ்வளவு வலுவாகத் திருத்தும் என்ற செட்டிங்கை) மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நாட்களைச் செலவழித்தேன். கோளாறு கெயினில் இருப்பது அரிது.

காந்த ரோட்டர் சுழலும்போது வைண்டிங்கில் எழும் மின்னழுத்தத்தை, அதாவது பேக் இ.எம்.எஃப்பை வைத்துத்தான் டிரைவ் ரோட்டரின் கோணத்தைக் கணிக்கிறது. அந்த மின்னழுத்தம் வேகத்துக்கு நேர்விகிதம். 3000 ஆர்பிஎம்மில் 150 வோல்ட் தருகிற மோட்டார், 60 ஆர்பிஎம்மில் 3 வோல்ட்தான் தரும். சரி, டிரைவுக்குள் டிசியை ஏசியாக மாற்றி மோட்டாருக்குத் தரும் இன்வர்ட்டர் பக்கம் பாருங்கள். மேல், கீழ் சுவிட்சுகள் ஒரே நேரத்தில் ஆன் ஆகிவிடாமலிருக்க விடும் டெட் டைம் 2 மைக்ரோவினாடி, இன்வர்ட்டருக்கு வரும் டிசி மின்னழுத்தம் (டிசி பஸ்) 300 வோல்ட், சுவிட்சிங் 10 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால், டிரைவ் தருவதாக நினைக்கும் மின்னழுத்தத்தில் 6 வோல்ட் பிழை. தேடுகிற சிக்னலைப்போல் இரண்டு மடங்கு! ஈடுசெய்தால் குறையும், முழுதாகப் போகாது.

அப்புறம் சூடு. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39% கூடும். வைண்டிங் 80 டிகிரி சூடேறினால் 30 சதவீதத்துக்கு மேல். பேக் இ.எம்.எஃப்பைக் கணிக்க, மின்தடையில் விழும் வோல்ட்டை டிரைவ் கழிக்க வேண்டும்; அதுவோ காலையில் அளந்த மின்தடையை வைத்தே கழித்துக்கொண்டிருக்கும். காலையில் ஓடியது மதியம் உதறுவதற்கு முதலில் நான் சந்தேகப்படுவது இதைத்தான்.

உயர் அதிர்வெண் மின்னழுத்தத்தைச் செலுத்தி, இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை வைண்டிங் எதிர்க்கும் அளவு) எந்தத் திசையில் மாறுகிறது என்று பார்த்துக் கோணம் கண்டுபிடிக்கும் முறை நின்ற நிலையிலும் வேலை செய்யும். காந்தம் ரோட்டருக்குள் புதைந்த மோட்டாருக்கு அருமையானது. மேற்பரப்பில் ஒட்டிய மோட்டாரில் அந்த வேறுபாடு மிகக் குறைவு. வட துருவமா தென் துருவமா என்பதையும் இந்த முறை தானாகச் சொல்லாது, தனியாகச் சோதிக்க வேண்டும். லோடு ஏறி இரும்பு செறிவடைந்தால் (மேலும் காந்தப்புலத்தை எளிதில் ஏற்க முடியாத நிலைக்கு வந்தால்) கணித்த கோணமும் நகரும். கீச்சென்ற சத்தமும் வரும்.

பாரம் தொங்குகிற இயந்திரத்தில் நான் சென்சாரை விட்டுக்கொடுப்பதே இல்லை. அங்கே டிரைவ் கோணத்தைத் தவறவிட்டால் பாரம் கீழே இறங்கும். மற்ற இடங்களில் சோதனையை மோட்டார் நன்றாகச் சூடான பிறகு, முழு லோடில், தேவைப்படும் மிகக் குறைந்த வேகத்தில் செய்யுங்கள். லோடைத் திடீரென்று ஏற்றியும் இறக்கியும், இரண்டு திசையிலும் பாருங்கள்.