எத்தனை வாய் சொன்னது, எத்தனை கண் பார்த்தது

போருக்கு முந்தைய வாரங்களில் செய்தி மேசைக்கு வந்து குவியும் தகவல்களில் அப்பட்டமான பொய் குறைவுதான். ஒருவர் சொன்ன ஒரே தகவல் ஐந்தாறு வாய்களில் புகுந்து வந்து, ஐந்தாறு பேர் தனித்தனியே சொன்னதுபோல நிற்பதே அதிகம். செய்தியைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவர்களே இதில் வழுக்கி விழுகிறார்கள். அவசரமாக வாசித்துவிட்டு நகரும் வாசகரைக் குறை சொல்ல முடியாது. ஆகவே இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு உதாரணத்தில் நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.

2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி: இராக் ஆயிரக்கணக்கில் அலுமினியக் குழாய்களை வாங்க முயன்றது, யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிகளுக்காக என்று நம்பப்படுகிறது. சொன்னவர்கள் பெயர் குறிப்பிடாத அமெரிக்க அரசு அதிகாரிகள். அதே காலை துணை அதிபர் டிக் சேனி தொலைக்காட்சி நேர்காணலில் குழாய்களைப் பற்றிப் பேசினார். இன்று காலை நியூயார்க் டைம்ஸிலேயே வந்திருக்கிறது என்று அந்தச் செய்தியைச் சுட்டிக்காட்டினார். அன்றே இன்னொரு சேனலில் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ், அணுகுண்டுப் புகை எழும்வரை காத்திருக்க முடியாது என்ற பொருளில் பேசினார். பார்த்தவர்களுக்கு ஒரு பெரிய பத்திரிகை, துணை அதிபர், பாதுகாப்பு ஆலோசகர் என்று மூன்று தரப்பு ஒரே விஷயத்தை உறுதி செய்ததாகத் தோன்றியது. வேரைத் தோண்டினால் இருந்தது ஒரே இடம்தான். அரசு கொடுத்த தகவலைப் பத்திரிகை போட்டது. பத்திரிகை போட்டதை அரசு சாட்சியாகக் காட்டியது.

குழாய்களின் கதையும் தெரிய வேண்டும். 81 மில்லிமீட்டர் விட்டம், 900 மில்லிமீட்டர் நீளம், 7075 வகை அலுமினியக் கலவை. இராக் ஏற்கெனவே தயாரித்துவந்த 81 மில்லிமீட்டர் ராக்கெட்டின் உடற்பகுதிக்கு இந்த அளவு கச்சிதமாகப் பொருந்தும். மையவிலக்குக்கு வேண்டியதைவிட விட்டம் குறுகல், சுவர் தடிமன். மையவிலக்குகளைக் கட்டி இயக்கிய அனுபவமுள்ள அமெரிக்க எரிசக்தித் துறை நிபுணர்கள் 2001-லேயே இதை எழுதி வைத்திருந்தார்கள். நிபுணர்களுக்குள் இப்படி ஒரு கருத்து வேறுபாடு இருப்பதாகச் சில நாள் கழித்து அதே பத்திரிகையில் செய்தி வந்தது, 13-ஆம் பக்கத்தில். 2003-இல் அமெரிக்கா இராக்கின் மீது படையெடுத்த பிறகு தேடிப் பார்த்தபோது அணு ஆயுதத் திட்டமும் இல்லை, ரசாயன ஆயுதக் கிடங்குகளும் இல்லை. 2004 மே 26-இல் அந்தப் பத்திரிகை தன் செய்திகள் போதிய கடுமையோடு சோதிக்கப்படவில்லை என்று வாசகர்களிடம் ஒப்புக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது பக்க எண். சந்தேகம் அச்சில் இருந்தது, இருந்த இடம்தான் வேறு. வாஷிங்டன் போஸ்ட் பின்னாளில் தன்னைத் தானே ஆராய்ந்தபோது, 2002 ஆகஸ்டிலிருந்து போர் தொடங்கும்வரை அரசின் வாதங்களை மையமாக வைத்து 140-க்கும் மேற்பட்ட முதல் பக்கச் செய்திகள் வந்திருந்தது தெரிந்தது. ஆயுதங்கள் உண்மையில் இருக்கின்றனவா என்று கேட்ட முக்கியமான செய்தி ஒன்று, படையெடுப்புக்குச் சில நாள் முன்பு 17-ஆம் பக்கத்தில் வந்தது. யாரும் தணிக்கை செய்யவில்லை. தலைவர் பேசினால் முதல் பக்கம், நிபுணர் சந்தேகப்பட்டால் உள்பக்கம் என்ற அன்றாடப் பழக்கமே அந்த வேலையைச் செய்துவிட்டது.

ஆகவே ஒரு தகவல் பெரிதாகப் பேசப்படும்போது ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் சொன்னவர் பெயர். வலப்பக்கம் அவருக்கு அது எப்படித் தெரிந்தது. நேரில் பார்த்தாரா, ஆவணம் வைத்திருக்கிறாரா, இன்னொருவர் சொல்லக் கேட்டாரா? ஐந்தாறு செய்திகளை இப்படிப் பிரித்து எழுதினால் வலப்பக்கம் பெரும்பாலும் ஒரே வரியில் போய் முடியும். அப்படி முடிபவை அனைத்தையும் ஒன்றாகவே எண்ண வேண்டும். செய்தி நிறுவனம் அனுப்பிய ஒரு செய்தியை நாற்பது தளங்கள் தலைப்பை மாற்றிப் போட்டாலும் அது ஒன்றே. வலப்பக்கம் காலியாக இருந்தால் அதுவும் ஒரு விடைதான். “பாதுகாப்பு வட்டாரங்கள் தெரிவித்தன”, “எனக் கூறப்படுகிறது” என்று முடியும் வரிகளில் வலப்பக்கம் எப்போதும் காலிதான். ‘கூறப்படுகிறது’ என்றால் கூறியவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது.

வாயைப் பெருக்கும் இந்தக் கலை புதிதல்ல. 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியவுடன் பொதுத் தகவல் குழு ஒன்றை அமைத்தது. அந்தக் குழு சுமார் 75,000 தொண்டர்களைப் பேச்சாளர்களாகச் சேர்த்தது. திரையரங்கில் படச்சுருள் மாற்ற ஆகும் நான்கு நிமிடங்களில் எழுந்து பேசுவதே அவர்கள் வேலை. என்ன பேச வேண்டும் என்ற குறிப்பு வாஷிங்டனிலிருந்து வரும். பேசுபவர் உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்த வக்கீலோ வியாபாரியோ ஆசிரியரோ. அரசு சொன்னால் ஐயப்படுபவர்கூட அறிந்த முகம் சொன்னால் கேட்பார். இன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா அனுப்பும் ஃபார்வர்டு வேலை செய்வதும் இதே காரணத்தால்தான்.

தொலைக்காட்சியில் இந்த இடத்தை ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் பிடித்துக்கொண்டார்கள். இராக் போர்க் காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 75-க்கும் மேற்பட்ட முன்னாள் அதிகாரிகளுக்குத் தனிக் கூட்டங்கள் நடத்தி, பேச வேண்டிய குறிப்புகளைத் தந்ததும், அவர்களில் பலருக்கு ஆயுத ஒப்பந்த நிறுவனங்களோடு தொடர்பு இருந்ததும் 2008-இல் வெளிவந்தது. திரையில் அவர்கள் பெயருக்குக் கீழே ‘ராணுவ ஆய்வாளர்’ என்று மட்டுமே இருந்தது. விவாதத்தில் ஒரு முன்னாள் தளபதியைப் பார்த்தால் அவர் பேச்சைக் கேட்பதற்கு முன் அவர் இப்போது எந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் அமர்ந்திருக்கிறார் என்று தேடுங்கள். இரண்டு நிமிட வேலை.

குழந்தைகள் சம்பந்தப்பட்ட செய்தி வரும்போது இந்தக் கணக்கெல்லாம் கையைவிட்டு நழுவிவிடும். 1990 அக்டோபர் 10-இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு ஒன்றின் முன் 15 வயதுப் பெண் ஒருவர் கண்ணீரோடு பேசினார். இராக் பிடித்துவைத்திருந்த குவைத்தில், ஒரு மருத்துவமனையில் இராக் வீரர்கள் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகவிட்டதைத் தான் பார்த்ததாகச் சொன்னார். குடும்பத்தின் பாதுகாப்புக் கருதி முதற்பெயர் மட்டும் சொல்லப்பட்டது. அன்றைய அதிபர் மூத்த புஷ் அந்தக் கதையைப் பலமுறை எடுத்துச் சொன்னார். ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் 300-க்கும் மேற்பட்ட குழந்தைகள் என்று டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. 1991 ஜனவரி 12-இல் செனட் 52-க்கு 47 என்ற கணக்கில் போருக்கு ஒப்புதல் தந்தது. அந்தப் பெண் வாஷிங்டனில் இருந்த குவைத் தூதரின் மகள் என்பது 1992 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. சாட்சியத்தை ஏற்பாடு செய்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். குவைத் அரசின் பணத்தில் இயங்கிய ஓர் அமைப்பு அந்த நிறுவனத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்திருந்தது. நம்பத்தக்க ஆதாரம் கிடைக்கவில்லை என்று ஆம்னஸ்டியும் பின்னர் பின்வாங்கியது.

இதில் அன்றே கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்று இருந்தது. அந்தக் குழு முறையான நாடாளுமன்றக் குழு அல்ல, உறுப்பினர்கள் தாங்களாகச் சேர்ந்து வைத்திருந்த அமைப்பு. அங்கே சத்தியப் பிரமாணம் கிடையாது, பொய் சொன்னால் தண்டனையும் கிடையாது. மேசை, ஒலிவாங்கி, கேமரா எல்லாம் விசாரணை போலவே இருந்ததால் செய்திகள் அதைச் சாட்சியம் என்றே எழுதின. எங்கே, எந்தச் சட்டத்தின் கீழ் சொல்லப்பட்டது என்று பார்ப்பது கல்நெஞ்சம் அல்ல. செத்த குழந்தைகளின் பெயரால் ஒரு போர் கேட்கப்படும்போது குறைந்தபட்சம் அதையாவது பார்க்க வேண்டும்.

சொற்களிலும் கண் வையுங்கள். ‘பதிலடி’ என்று தலைப்பில் வந்துவிட்டால் முதல் அடி யாருடையது என்ற வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. 1939 ஆகஸ்ட் 31 இரவு ஜெர்மனியின் கிளைவிட்ஸ் வானொலி நிலையத்தைப் போலந்துக்காரர்கள் தாக்கியதுபோல நாஜிப் படையினரே நாடகமாடினார்கள். மறுநாள் ஹிட்லர் நாடாளுமன்றத்தில் ‘திருப்பிச் சுடுகிறோம்’ என்றார். ‘போர்’ என்ற சொல்லே காணாமல் போவதும் உண்டு. 2022 மார்ச்சில் ரஷ்யா இயற்றிய சட்டத்தின்படி ராணுவத்தைப் பற்றிப் ‘பொய்த் தகவல்’ பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை. உக்ரைனில் நடப்பதை அரசு ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’ என்றே அழைத்தது. எந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் வழக்கு வரும் என்று தெரிந்துகொண்டால், அந்த நாட்டு ஊடகம் எதை மறைத்து எழுதுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

காணொளி என்றால் முதலில் மூலக் கோப்பைத் தேடுங்கள். 2022 பிப்ரவரி 18-இல் கிழக்கு உக்ரைனின் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைத் தலைவர்கள் இருவர், தாக்குதல் ஆபத்து முற்றிவிட்டதால் மக்களை உடனே வெளியேற்றுவதாகக் காணொளியில் அறிவித்தார்கள். டெலிகிராமில் ஏற்றப்பட்ட அந்தக் கோப்புகளின் மெட்டாடேட்டாவை, அதாவது கோப்போடு சேர்ந்தே பதிவாகும் தேதி போன்ற விவரங்களைப் பார்த்தபோது அவை பிப்ரவரி 16-இலேயே பதிவாகியிருந்தன. அன்றைய அவசரநிலை இரண்டு நாள் முன்பே எழுதி, பேசி, சேமிக்கப்பட்டிருந்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்த பிரதியிலோ ஸ்கிரீன் ரெக்கார்டிங்கிலோ இந்த விவரம் இருக்காது, வழியிலேயே அழிந்துவிடும். அப்போது காணொளியிலிருந்து ஐந்தாறு அசையாப் படங்களை எடுத்து இணையத்தில் படத் தேடல் செய்யுங்கள். ஒன்றும் வராவிட்டால் இடவலமாகத் திருப்பியும் தேடுங்கள். பழைய படத்தைத் திருப்பிப் போட்டால் தேடல் ஏமாறும். எதுவும் அகப்படவில்லை என்பதால் படம் உண்மை என்று ஆகிவிடாது, இதில்தான் பலர் தவறுகிறார்கள்.

அவசரமே ஓர் எச்சரிக்கை. 1964 ஆகஸ்ட் 4-இல் வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டாம் முறை தாக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. சில மணி நேரத்திலேயே அங்கிருந்த தளபதி, டார்பிடோ தகவல்கள் பல சந்தேகத்துக்குரியவை, மோசமான வானிலை காரணமாயிருக்கலாம், முழுமையாக ஆராய்ந்த பிறகு முடிவெடுங்கள் என்று தந்தி அனுப்பினார். அன்றிரவே அதிபர் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றினார். ஆகஸ்ட் 7-இல், படையைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் கீழவையில் 416-க்கு 0, செனட்டில் 88-க்கு 2 என்று நிறைவேறியது. அந்த இரண்டாம் தாக்குதல் நடக்கவே இல்லை.

சரியாகச் செய்தவர்களும் இருந்தார்கள். 2002-இல் நைட் ரிடர் என்ற அமெரிக்கப் பத்திரிகை நிறுவனத்தின் வாஷிங்டன் நிருபர்கள் அமைச்சர்களின் பின்னால் ஓடாமல், கோப்பைக் கையில் வைத்திருந்த நடுமட்ட அதிகாரிகளையும் ஆய்வாளர்களையும் கேட்டார்கள். அதனால் அரசின் கூற்றுகள்மீது அப்போதே ஐயம் எழுப்பி எழுத முடிந்தது. அந்த நிறுவனத்துக்கு வாஷிங்டனிலோ நியூயார்க்கிலோ சொந்தப் பத்திரிகை இல்லாததால் அந்தச் செய்திகள் அதிகாரத்தில் இருந்தவர்களின் காதுக்குப் போதிய அளவு எட்டவில்லை.

எல்லாமே பொய் என்று கையை உதறிவிடுவதும் பிழைதான். 1914-இல் பெல்ஜியத்தில் ஜெர்மானியப் படை பொதுமக்களைக் கொன்றது உண்மை. தினான் என்ற ஊரில் மட்டும் 674 பேர். அந்த உண்மையின் மேல்தான் பிரிட்டிஷ் பரப்புரை பல கட்டுக்கதைகளை ஏற்றியது. 1917 ஏப்ரலில் லண்டன் பத்திரிகைகள், ஜெர்மானியர்கள் தங்கள் வீரர்களின் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பு எடுப்பதாக எழுதின. அடிப்படை, ஒரு ஜெர்மன் செய்தியில் இருந்த ‘கடாவர்’ என்ற ஒரே சொல். ஜெர்மன் மொழியில் அது பொதுவாகச் செத்த விலங்கைக் குறிக்கும், அங்கே காய்ச்சியது போர்க்குதிரைகள் போன்ற விலங்குகளின் உடல்களை. ஆங்கிலத்தில் அதே சொல்லுக்கு மனிதப் பிணம் என்று பொருள். அது உண்மையல்ல என்று பிரிட்டிஷ் அரசு 1925-இல் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 1943 ஆகஸ்டில், போலந்தில் மக்கள் விஷவாயுவால் கொல்லப்படுவதாகத் தகவல்கள் வந்தபோது, பிரிட்டிஷ் கூட்டு உளவுக் குழுவின் தலைவர் விக்டர் கேவென்டிஷ்-பென்டிங்க், போதிய ஆதாரம் இல்லை என்று கருதினார். இது போன போரில் பிணங்களிலிருந்து கொழுப்பு எடுத்ததாகச் சொன்ன கதையை நினைவூட்டுகிறது என்று கோப்பில் எழுதினார். இம்முறை வந்த தகவல் உண்மையாக இருந்தது.