போனிலேயே சுகர், பிரஷர் மாத்திரை: ஆறு மாதக் கணக்கு

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. அதே நாளில்தான், போனிலும் வீடியோவிலும் டாக்டர்கள் வைத்தியம் பார்ப்பதற்கான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளும் வந்தன. போனில் விசாரித்து மருந்து எழுதலாமா கூடாதா என்று அதுவரை டாக்டர்களுக்கே தயக்கம் இருந்தது. பஸ் ஓடாத அந்த மாதங்களில் மாத்திரை தீர்ந்துபோன எத்தனையோ பேருக்கு இது கைகொடுத்தது. ஊரடங்கு முடிந்த பிறகும் இந்த விதி தொடர்கிறது.

இதில் பலருக்கும் தெரியாதது ஆறு மாதக் கணக்கு. ஒரு டாக்டரை நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள், அதே நோய்க்காகப் பேசினால் அது 'தொடர் ஆலோசனை'. சுகர், பிரஷர், ஆஸ்துமாவுக்கு ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை அவர் போனிலேயே மறுபடி எழுதித் தரலாம். தேவைப்பட்டால் கூட ஒரு மாத்திரையும் சேர்க்கலாம், மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையோடு சிட்டாகிளிப்டின் என்ற இன்னொன்றைச் சேர்ப்பது போல. ஆறு மாதம் தாண்டிவிட்டாலோ, புதிதாக வேறு தொந்தரவு வந்தாலோ, அது முதல் ஆலோசனையாகிவிடும். அப்போது வெறும் குரல் அழைப்பில் பாராசிட்டமால் மாதிரி சீட்டில்லாமல் கிடைக்கும் மருந்துதான் சொல்ல முடியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வீடியோவில் வரவேண்டும். அதனால் கடைசியாக டாக்டரைப் பார்த்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

தெரிந்த டாக்டர் இல்லையா? 2020 ஏப்ரல் 13 முதல் அரசின் இ-சஞ்சீவனி என்ற ஆன்லைன் மருத்துவ சேவை இருக்கிறது. கட்டணம் இல்லை. மொபைல் எண், ஓ.டி.பி., டோக்கன், அப்புறம் வீடியோவில் டாக்டர். பேசி முடித்ததும் மருந்துச் சீட்டை இறக்கிக்கொள்ளலாம்.

அழைக்கும் முன் பழைய சீட்டு, சுகர் அளவு எழுதிய நோட்டு, மாத்திரை அட்டை மூன்றையும் கையில் வையுங்கள். அட்டையில் பெயரும் மில்லிகிராமும் அச்சிட்ட பக்கத்தை முதலில் கிழித்துவிடாதீர்கள். 'வெள்ளையா, வட்டமா இருக்கும்' என்றால் டாக்டரால் எதுவும் எழுத முடியாது. ஊரில் இருக்கும் அம்மாவுக்காக நீங்கள் பேசினால் அவரையும் அழைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் சம்மதம் வேண்டும்.

போதை மருந்துச் சட்டத்தில் வரும் சில தூக்க மாத்திரைகளை இந்த வழியில் எழுதக்கூடாது. நெஞ்சுவலி, ஒரு பக்கம் மரத்துப்போவது, சுகர் இறங்கி மயக்கம் என்றால் டோக்கனுக்குக் காத்திருக்கவே கூடாது, உடனே 108.