தழுவல்: யார் யாரைத் தழுவுகிறார்கள்?

‘அடாப்டேஷன்’ என்பதற்குத் தமிழில் நிலைத்துவிட்ட சொல் தழுவல். நாவல் படமானால் திரைத்தழுவல்; பிறமொழி நாடகம் நம் ஊர்ப் பெயர்களோடு மேடையேறினால் தழுவல் நாடகம். அகராதிக்கு இவ்வளவு போதும். ஊட்டியின் ஆடி மழைக்குப் போதாது. காற்றும் சாரலும் பிடித்துவிட்டால் இங்கே பிள்ளைகள் கம்பளிக்குள் அடைந்துகொண்டு மூன்று பாகப் படத்தை ஒரே மூச்சில் பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் சண்டை.

சேரிங்கிராஸ் பக்கம் ஒரு டீக்கடையில், வர்க்கியை டீயில் நனைத்தபடி நான் கேட்டது அப்படியொரு சண்டை. ஆங்கில எழுத்தாளர் டோல்கியனின் மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவல் ‘தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’. ஹாபிட் என்ற குள்ள இனத்தைச் சேர்ந்த ஃப்ரோடோ, தீய சக்தி கொண்ட ஒரு மோதிரத்தை அழிக்கப் போகிற கதை; மனிதர்களோடு எல்ஃப் என்ற இறவா இனமும் வரும். அது 1954, 1955 ஆண்டுகளில் மூன்று புத்தகங்களாக வந்தது. பீட்டர் ஜாக்சன் அதை 2001, 2002, 2003 என ஆண்டுக்கொன்றாகப் படமாக்கினார். சண்டை போட்டவர்கள் முதல் படம் வந்தபோது பிறந்திராதவர்கள். கோபத்துக்கு வயது ஏது?

“டாம் பாம்படில்னு ஒருத்தர் வருவாரு சித்தப்பா. அந்த மோதிரம் அவர்கிட்ட மட்டும் பலிக்காது. அவரையே தூக்கிட்டாங்க” என்றாள் அண்ணன் மகள்.

“தூக்கலேன்னா படம் எப்ப முடியறது?” என்றான் கூட வந்த பையன்.

“சரி, ஹெல்ம்ஸ் டீப் சண்டைக்கு எல்ஃப் படை வருதே, அது புக்லயே கிடையாது. அதுக்கு மட்டும் நேரம் இருந்துச்சா? இதுக்குப் பேரு தழுவலா சித்தப்பா, நழுவலா?”

நல்ல கேள்வி. பதிலைச் சொல்லின் வேரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தழுவு என்னும் வினைக்கு அணைத்துக்கொள்வது முதற்பொருள். அதிலிருந்து சூழ்தல், உட்கொள்ளுதல், ஒட்டி நடத்தல் என்று விரிந்தது. ‘குடிதழீஇக் கோலோச்சும் மாநில மன்னன் அடிதழீஇ நிற்கும் உலகு’ என்ற குறளில் (544) ஒரே சொல் இரு முறை வருகிறது, இரண்டுக்கும் திசை வேறு. மன்னன் குடிகளைத் தழுவுவது மேலிருந்து கீழே. உலகம் அவன் அடியைத் தழுவுவது கீழிருந்து மேலே. ‘உலகம் தழீஇயது ஒட்பம்’ (425) என்னுமிடத்தில் பரிமேலழகர் அதை நட்பாக்கிக்கொள்வது என்று விளக்குகிறார். ‘தழுவி’ என்பதுதான் அளபெடுத்துத் ‘தழீஇ’ ஆனது.

இலக்கணத்திலும் இந்தச் சொல்லுக்கு வேலை உண்டு. ‘முருகனும் வந்தான்’ என்றால், அவனுக்கு முன்னே வேறு யாரோ வந்துவிட்டார்கள் என்று பொருள். அந்த ‘உம்’முக்கு இறந்தது தழீஇய எச்சவும்மை என்று பெயர். வாக்கியத்தில் இல்லாத ஆளையும் அது கைநீட்டித் தழுவிக்கொள்கிறது. நாவல் படித்தவர் படம் பார்ப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். திரையில் வராத பாம்படிலும் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார்.

தழுவலின் வீரமான பயன்பாடு ஏறுதழுவல். கலித்தொகையின் முல்லைக்கலிப் பாடல்கள் பலவற்றில் அதன் தூசியும் ஆரவாரமும்தான். காளையின் திமிலைப் பற்றி அதன் வேகத்தோடு தானும் ஓட வேண்டும்; கொம்பைக் கண்டு ஒதுங்கினாலும் தழுவல் இல்லை, காளையை வெட்டிச் சாய்த்தாலும் தழுவல் இல்லை. பெரிய நாவலைப் படமாக்குகிறவர் நிலையும் இதுதான் என்பது என் எண்ணம். ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான லத்தீன் வேரின் பொருள் பொருத்துதல், பொருந்தச் செய்தல். அங்கே மாற வேண்டியது மூலப்பொருள். தமிழ்ச் சொல்லில் மூலம் அப்படியே நிற்கிறது, வருகிறவர்தான் அதை அணைக்க வேண்டும். எந்த மொழி உயர்ந்தது என்ற பேச்சு இல்லை இது. ஆனால் ரசிகர்கள் எதற்காகக் கொதிக்கிறார்கள் என்பதைத் தமிழ்ச் சொல் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கிறது.

தழுவல் நாடகத்துக்கு நம்மிடம் பழைய சான்றுகள் உண்டு. 1891-ல் வந்த பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம், லிட்டன் பிரபுவின் ஒரு கதையைத் தழுவியது. பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கினார், மேக்பெத்தை மகபதி ஆக்கினார். வாயில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், ஒலியைக்கூட விடாமல் தழுவியிருக்கிறார்! மூல ஆசிரியர் பெயரை மறைக்கவும் இல்லை. பின்னாளில் நம் சினிமாவில் பிறமொழிப் படத்தைச் சொல்லாமல் எடுத்தவர்களும் மாட்டிக்கொண்டபோது ‘தழுவல்’ என்று சமாளித்ததால் சொல்லின் மேல் கொஞ்சம் கறை படிந்தது. அதற்கு ஊரில் வேறு சொல் இருக்கிறது: சுட்டது. அதை அங்கேயே விட்டுவிடலாம்.

தழுவல் என்ற சொல்லைவிடப் பழைய ஏற்பாடு ஒன்றும் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல், நூல்களை முதல்நூல், அதை ஒட்டி வரும் வழிநூல் என்று பிரித்து, வழிநூலுக்கு நான்கு நெறி சொல்கிறது: ‘தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தலோடு அனைமரபினவே’. டீக்கடைச் சண்டை முழுவதையும் இந்த நூற்பாவுக்குள் அடக்கலாம். ஆயிரம் பக்கத்தைத் தொடும் நாவலை ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேலாகச் சுருக்கியது தொகுத்தல். பாம்படில் போனது அந்தக் கணக்கில். அதே டோல்கியன் 1937-ல் எழுதிய சிறிய நாவல் ‘தி ஹாபிட்’. அது 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக இழுக்கப்பட்டது விரித்தல். புத்தகத்தில் எங்கும் இல்லாத டாரியேல் என்ற எல்ஃப் பெண் அங்கே முளைத்தாள். ஓரிடத்தில் சுருக்கி இன்னோரிடத்தில் பெருக்குவது தொகைவிரி. பாம்படிலைத் தூக்கிவிட்டு எல்ஃப் படையைக் கொண்டுவந்தது அதுதான்.

நான்காவது நெறியில் வரும் ‘அதர்’ என்றால் பாதை. இன்னொரு மொழிப் பொருளை நம் மொழியின் தடத்தில் விழும்படி கட்டுவது. இதற்கு நான் வாழும் ஊரின் பெயரே சாட்சி. தோடர் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். ‘ஒத்தக்கல் மந்து’ என்பதிலிருந்து ஊர்ப்பெயர் வந்தது என்பது பலர் சொல்லும் விளக்கம். 1821-ல் சென்னைப் பத்திரிகை ஒன்றில் வெளியான கடிதம் இதை ‘வோட்டோகைமண்ட்’ என்று எழுதியது. வெள்ளைக்காரர் வாயில் அது ஊட்டகமண்ட் ஆகி, தேய்ந்து ஊட்டி ஆனது. தமிழ் வாய்க்கு அது உதகமண்டலம். நீருக்கும் வட்டத்துக்கும் ஏதோ தொடர்பு இருப்பதுபோலவே ஒலிக்கிறது. அவரவர் தடத்தில் அவரவர் கட்டிக்கொண்டார்கள், மந்து மட்டும் எங்கோ உள்ளே கிடக்கிறது.

வழிநூலுக்கு எல்லை எது என்பதை நன்னூல் இன்னும் கறாராகச் சொல்கிறது: ‘முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி அழியா மரபினது வழிநூல் ஆகும்.’ பின்னால் வருகிறவன் தனக்கு வேண்டிய மாற்றத்தைச் செய்துகொள்ளலாம். அதற்கு உரிமை உண்டு. முடிபு மட்டும் முழுக்க ஒத்திருக்க வேண்டும். முடிபு என்றால் கிளைமாக்ஸ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நூல் எந்தக் கருத்தில் போய் நிற்கிறதோ அது முடிபு.

இதே நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் அடுக்குகிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந்து இறுதல் என்று போகும் அந்தப் பட்டியல், படம் விட்டு வெளியே வருகிற ரசிகர் கூட்டத்தின் புலம்பலைக் கேட்டு எழுதியதுபோல இருக்கும். ‘சொதப்பிட்டாங்க’ என்ற ஒற்றைச் சொல்லால் நாம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். ஹாரி பாட்டர் நான்காம் கதையில், போட்டிக்கான கோப்பைக்குள் பெயர் போட்டாயா என்று தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஹாரியிடம் அமைதியாகக் கேட்டதாகப் புத்தகம் சொல்கிறது. 2005-ல் வந்த படத்தில் பாய்ந்துபோய்ப் பிடித்து உலுக்கிக் கத்துகிறார். அது குன்றலும் இல்லை, மிகையும் இல்லை. அச்சு அசல் மாறுகொளக் கூறல். இன்றுவரை ரசிகர்கள் அதை வைத்துக் கேலி செய்கிறார்கள்.

டோல்கியனே இந்த வரிசையில் ஒரு ரசிகர்தான், தன் நாவலுக்கே. 1958-ல் தன் கதைக்கு எழுதப்பட்டு வந்த ஒரு திரைக்கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டுக் கோபத்தோடு நீண்ட கடிதம் எழுதினார். ஊடகம் எதுவானாலும் கதை சொல்லும் நெறி முற்றிலும் வேறாகிவிடாது; மூலத்தின் மையம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மிகைப்படுத்துவதாலும் தேவையில்லாததை நுழைப்பதாலும்தான் மோசமான படங்கள் தோற்கின்றன என்பது அவர் வாதம். நன்னூலாருக்கும் அவருக்கும் எழுநூறு ஆண்டு இடைவெளி. ஒருவர் முடிபு என்றார், மற்றவர் மையம் என்றார். அவர் மகன் கிறிஸ்டோபர் அப்பாவைவிடக் கடுமை. 2012-ல் பிரெஞ்சு நாளிதழ் ஒன்றுக்கு அளித்த நேர்காணலில், புத்தகத்தின் குடலை உருவி இளவட்டங்களுக்கான அடிதடிப் படமாக்கிவிட்டார்கள் என்ற பொருளில் பேசினார்.

முடிபை அளவுகோலாகப் பிடித்தால் என் அண்ணன் மகளின் குற்றப்பட்டியல் தலைகீழாகும். பாம்படில் இல்லாமல் கதை நிற்கிறது. ஆற்றுத் துறையில் ஃப்ரோடோவைக் காப்பாற்ற எல்ஃப் வீரன் க்ளோர்ஃபிண்டெல் செய்ததை எல்ஃப் பெண் ஆர்வென் செய்தாலும் நிற்கிறது. மனிதப் படைத்தலைவன் ஃபாரமிர் விஷயம் அப்படியில்லை. வழியில் கிடந்தாலும் அந்த மோதிரத்தை எடுக்க மாட்டேன் என்று புத்தகத்தில் சொல்பவன், படத்தில் ஃப்ரோடோவை மோதிரத்தோடு தன் ஊர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறான். மண்ணில் பிறந்த மனிதனும் ஆசையை மறுக்க முடியும் என்பது அங்கே அடிபடுகிறது.

அதைவிடப் பெரிய குறையை அவள் கடைசியில், மழை விட்டு எழுந்திருக்கும்போதுதான் சொன்னாள்: “போர் முடிஞ்சு ஊருக்கு வந்தா ஊரே மாறிப் போயிருக்கும் சித்தப்பா. மரத்தை எல்லாம் வெட்டி, புகை கக்குற ஆலை கட்டி வச்சிருப்பாங்க. படத்துல ஊர் அப்படியே பச்சையா இருக்கு.” புத்தகத்தில் நான்கு ஹாபிட்டுகளும் சொந்த ஊரை மீட்க இன்னொரு சண்டை போட வேண்டியிருக்கிறது. பிறகு ஃப்ரோடோவின் தோழன் சாம், எல்ஃப் அரசி கலாட்ரியல் கொடுத்த ஒரு பெட்டி மண்ணைத் தூவித் தூவி ஊரில் மரம் வளர்க்கிறான். படத்தின் நீளப் பதிப்பில் அவனுக்குக் கிடைக்கும் பரிசு ஒரு கயிறு. சோலையும் புல்வெளியும் இருந்த சரிவில், வெளியிலிருந்து வந்த கற்பூர மரத்தையும் சீகையையும் பார்த்து வளர்ந்த மலைக்காரப் பெண்ணுக்கு அந்த அத்தியாயம் போனதில் எவ்வளவு போனது என்று தெரியும். நன்னூல் கணக்கில் இது விகற்பம் ஆகாது. முடிபிலேயே கை வைத்தது.

எதிர்ப்பக்கம் ஒரு வலுவான வழக்கும் இருக்கிறது: கம்பர். முந்திய நாவினார் ‘உரையின்படி’ சொல்கிறேன் என்று பாயிரத்தில் பணிவாகச் சொல்லிவிட்டு, செய்ததெல்லாம் விகற்பம். வான்மீகத்தில் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கிப் போகிறான். கம்பர் நிலத்தோடு பர்ணசாலையைப் பெயர்த்தெடுக்க வைத்தார். இரணியன் வதையை ஒரு தனிப்படலமாக நுழைத்தார். அன்று சேரிங்கிராஸ் இருந்திருந்தால் வான்மீகி ரசிகர்கள் அங்கே கூடிக் கத்தியிருப்பார்கள். இன்று நாம் கம்பரைத் தழுவலாசிரியர் என்றுகூடச் சொல்வதில்லை.

நம் காலத்து உதாரணம் வேண்டுமென்றால், மிகுபுனைவு இல்லை என்றாலும், பொன்னியின் செல்வன். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோதே மணியத்தின் ஓவியங்கள் வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்துவிட்டன. 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் படங்களைப் பார்த்தவர்களில் பலர் கல்கியின் எழுத்தோடு மட்டும் ஒப்பிடவில்லை, மணியத்தின் கோடுகளோடும் ஒப்பிட்டார்கள். தழுவியது எதை என்ற கேள்வி இங்கே இரட்டிப்பாகிறது.

இனி எழுதும்போது கவனிக்க வேண்டியது. தழுவு என்பது செயப்படுபொருள் குன்றா வினை, அதனால் ‘நாவலைத் தழுவிய படம்’ என்பதே சரி. ‘நாவலிலிருந்து தழுவிய’ என்பது தேவையில்லாத சுற்று. ‘நாவலின் தழுவல்’ என்பதும் வழக்கில் ஏற்கத்தக்கது. ஜாக்சனின் மூன்றாவது படம் வாங்கிய 11 ஆஸ்கர்களில் ஒன்று திரைக்கதைக்கானது. செய்திகளில் இந்த விருதைச் சில சமயம் ‘சிறந்த தழுவப்பட்ட திரைக்கதை’ என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் திரைக்கதையை வேறு யாரோ வந்து தழுவியதாகப் பொருள்படும். தழுவப்பட்டது நாவல், தழுவியது திரைக்கதை. ‘தழுவல் திரைக்கதை’ என்று எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.