ஷாக் அடித்தது சுவரா, பில்லா?

“பில்லைப் பார்த்ததும் ஷாக் ஆயிட்டேன்.”

“பாத்ரூம் சுவத்துல கை வச்சா சுர்ருங்குது.”

இந்த இரண்டில் எது அவசரம் என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் பழக்கிய மென்பொருள் முதலாவதை ‘மின்சாரம், அவசரம்’ என்று எலக்ட்ரீஷியனுக்குத் தள்ளியது. இரண்டாவதை ‘மற்றவை’யில் போட்டுவிட்டது. நல்லவேளை, வெள்ளோட்டத்திலேயே பிடிபட்டது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்துக்காகச் செய்த வேலை அது. குடியிருப்பவர்கள் தமிழில் தட்டி அனுப்பும் புகார்களை மின்சாரம், தண்ணீர், லிஃப்ட், கட்டணம், மற்றவை என்று கணினி பிரிக்க வேண்டும். பழைய புகார்களைப் படித்து, ஒவ்வொன்றும் எந்த வகை என்று குறியிட்டு அதற்குப் பாடம் தயாரிப்பது என் பங்கு. அந்தப் பாடத்தில் ‘ஷாக்’ வந்த இடமெல்லாம் மின்சாரம். ‘சுர்’ அநேகமாக வரவே இல்லை. கணினி எந்தச் சுவரையும் தொட்டதில்லையே, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் வருகிறது என்றுதான் அது பார்க்கிறது.

இந்தத் தலைவலி பழையது. 1960இல் யெகோஷுவா பார்-ஹில்லெல் என்ற அறிஞர், இயந்திர மொழிபெயர்ப்பு ஏன் சுலபமில்லை என்று காட்ட ‘பெட்டி பென்னுக்குள் இருந்தது’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியத்தைச் சொன்னார். ‘பென்’ என்றால் பேனா. குழந்தையை விளையாட விடும் தடுப்புக்கும் அங்கே அதே பெயர். பேனாவுக்குள் பெட்டி போகாது என்பது எந்த அகராதியிலும் இல்லை. இப்படிப்பட்ட பொது அறிவையெல்லாம் கையால் எழுதிக் கணினிக்குள் ஏற்றிவிடலாம் என்று 1984இல் டக்ளஸ் லெனாட் ‘சைக்’ திட்டத்தைத் தொடங்கினார். பல பத்தாண்டுகள் எழுதினார்கள், எழுதி மாளவில்லை. இன்றைய செயற்கை நுண்ணறிவு மாடல்கள் மலைமலையாக எழுத்தைப் படித்துத் தாமே கற்றுக்கொள்கின்றன. பேனா, பெட்டியெல்லாம் அவற்றுக்கு ஜுஜுபி. ஆனால் நம் வீட்டுப் பேச்சுத் தமிழ் அந்த மலையில் ஒரு கைப்பிடிதான்.

சரி, மனிதர்களாவது ஒழுங்காகப் பிரிக்கிறோமா? “மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல” என்று ஒரு புகார். குறியிட்ட மூன்று பேரில் ஒருவர் தண்ணீர் என்றார், இன்னொருவர் மின்சாரம் என்றார். நான் முதல் நாள் ஒன்றும் மறுநாள் வேறொன்றும் போட்டிருந்தேன். கடைசியில் அங்கே வேலை பார்க்கும் பிளம்பர் அண்ணனிடமே கேட்டோம். “சத்தம் எப்படின்னு கேளுங்க தம்பி. சுத்தாம உறுமிக்கிட்டே இருந்தா கெப்பாசிட்டர் போயிருக்கும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. நல்லா சுத்தியும் தண்ணி வரலன்னா ஏர் லாக்கா இருக்கும், குழாய்ல காத்து அடைச்சிருக்கும், நான் வர்றேன்” என்றார். நாங்கள் மூன்று பேரும் வாக்கியத்துக்குள் தேடிக்கொண்டிருந்த விடை மோட்டார் ரூமில் இருந்தது.

இன்னொரு விஷயம், வெளியில் பலருக்குத் தெரியாதது. எங்களுடையது போன்ற மென்பொருள் ஒவ்வொரு வகைக்கும் ஒரு மதிப்பெண் போடும், எல்லாம் சேர்ந்து நூறு வரும். அதாவது ‘எனக்குப் புரியவில்லை’ என்று அது தானாகச் சொல்லாது, இருப்பதில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிடும். மதிப்பெண் குறைவாக இருந்தால் மனிதர் பார்க்கட்டும் என்று வைத்துப் பார்த்தோம். ஆனால் அந்த ‘பில் ஷாக்’ தொண்ணூற்றுக்கு மேல் வாங்கியிருந்தது!

அதனால் ஆபத்துப் புகார்களை மட்டும் வகைபிரிப்பதற்கு முன்பே பிடிக்க ஒரு தனிப் பட்டியல் வைத்தோம். கருகுற வாசம், பொறி பறக்குது, சுர்ருங்குது. இவற்றில் ஒன்று வந்தாலும் புகார் நேராக மேற்பார்வையாளரின் போனுக்குப் போகும். ‘வெயில் சுர்ருங்குது’ என்றாலும் போகும். போகட்டும், வெட்டியாக ஒரு போன் அடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது என்றால், செயலியில் டைப் செய்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். சுவரோ குழாயோ ஷாக் அடித்தால் அதை மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு, ஆளிடம் போனில் பேசுங்கள். மற்ற புகார்களை எழுதும்போது எதைத் தொட்டீர்கள், என்ன சத்தம், எப்போதிருந்து என்று எழுதுங்கள். ‘சூப்பர் சர்வீஸ்ங்க உங்களது’ என்று குத்தலாக எழுதினால் அது பாராட்டுக் கணக்கில் போய்ச் சேர வாய்ப்புண்டு.

பட்டியல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கடைசியாகச் சேர்த்தது, எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா பேச்சுவாக்கில் சொன்னது: “ஃபிரிட்ஜைத் தொட்டா வெடுக்குன்னு இழுக்குது.”