ஸ்கிரிப்ட் முடிந்தாலும் அழியாத டிக்ஷனரி

ஆயிரக்கணக்கான இணைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் ஒரு ஸ்கிரிப்ட். பார்த்து முடித்தவற்றை நினைவகத்தில் உள்ள ஒரு டிக்ஷனரியில், அதாவது ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பு என்ற பட்டியலில், குறித்துக்கொண்டே போகிறது. பாதியில் மின்சாரம் போனால் டிக்ஷனரியும் போச்சு, மறுபடி முதலிலிருந்துதான். சரி, டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைக்கலாம் என்றால், 'இதை ஏற்கெனவே பார்த்தோமா?' என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்து தேட வேண்டும். பத்து லட்சம் வரிகள் சேர்ந்தபின் அது நடக்கிற காரியமா? இவ்வளவு சின்ன வேலைக்கு ஒரு டேட்டாபேஸ் சர்வரை நிறுவிக் காவல் காப்பதும் வீண்.

இதற்கு 1979-லேயே விடை வந்துவிட்டது. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் எழுதிய டிபிஎம் என்ற சிறு நிரல் நூலகம், யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு சேர்ந்து வந்தது. சாவியைக் கொடுத்தால் மதிப்பு கிடைக்கும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஃபைல் எவ்வளவு பெரிதானாலும் ஒன்றிரண்டு முறை டிஸ்க்கைத் தொட்டாலே போதும் என்றது அதன் கையேடு. எப்படி முடிகிறது?

ஃபைலைச் சம அளவுள்ள பக்கங்களாகப் பிரித்துக்கொள்கிறது டிபிஎம். எந்தச் சொல்லையும் எண்ணாக மாற்றும் ஹாஷ் என்ற கணக்கில் சாவியைப் போட்டால் ஒரு நீளமான எண் வரும். அந்த எண்ணின் கடைசி பிட்டுகளே (0, 1 என்ற இரும இலக்கங்களே) பக்க எண். ஆனால் எத்தனை பிட்டுகளைப் பார்ப்பது? அதில்தான் தாம்சனின் சாமர்த்தியம்.

தொடக்கத்தில் எந்த பிட்டையும் பார்ப்பதில்லை. எல்லாம் 0-ஆம் பக்கத்துக்கே போகும். அது நிரம்பியதும் கடைசி பிட்டைப் பார்க்கிறது. 0 என்றால் அங்கேயே இருக்கும், 1 என்றால் 1-ஆம் பக்கத்துக்குக் குடிபெயரும். அப்புறம் 1-ஆம் பக்கம் நிரம்புகிறது என்று வையுங்கள். அதை மட்டும் இன்னொரு பிட் சேர்த்துப் பிளந்தால் போதும்: 01 என்று முடிபவை அங்கேயே, 11 என்று முடிபவை 3-ஆம் பக்கத்துக்கு. 0-ஆம் பக்கத்தை யாரும் தொடவில்லை. எந்தப் பக்கம் பிளந்தது, எது பிளக்கவில்லை என்பதை இன்னொரு குட்டி ஃபைலில் ஒரு பிளவுக்கு ஒரு பிட் என்று குறித்து வைக்கிறது. தேடும்போது அந்தக் குறிப்பைப் பார், பக்கத்தைப் படி. வேலை முடிந்தது.

2-ஆம் பக்கம் எங்கே என்று கேட்கிறீர்களா? இன்னும் பிறக்கவில்லை. 0-ஆம் பக்கம் பிளக்கும்போதுதான் பிறக்கும். அதுவரை ஃபைலில் அந்த இடம் வெறும் ஓட்டை. யூனிக்ஸ் அந்த ஓட்டைக்கு டிஸ்க்கில் இடம் ஒதுக்காது. அதனால் இந்த ஃபைல்களின் அளவைப் பட்டியலில் பார்த்தால் பெரிதாகத் தெரியும், உண்மையில் பிடிக்கும் இடம் குறைவாக இருக்கும். ஓட்டைகளைக் கண்டுகொள்ளாத கருவியால் நகலெடுத்தால் அவை பூஜ்ஜியங்களால் நிரம்பி, நகல் அசலைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த வடிவத்தின் பலவீனமும் இதிலேயே இருக்கிறது: ஒரு சாவியும் அதன் மதிப்பும் ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டும். பெர்ல் என்ற ஸ்கிரிப்ட் மொழியுடன் வரும், டிபிஎம் வகையைச் சேர்ந்த எஸ்டிபிஎம்மில் பக்கம் 1024 பைட். ஒரு ஜோடிக்கு அதிகபட்சம் 1008 பைட். அதைவிட நீளமானதைக் கொடுத்தால் மறுத்துவிடும். பின்னால் வந்த இன்னொரு வகையான ஜிடிபிஎம்மில் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்கிரிப்ட் மொழிகள் இதை அழகாக மறைத்துவிட்டன. பெர்லில் ஒரு ஹாஷை (டிக்ஷனரிக்கு அங்கே அதுதான் பெயர்) ஃபைலோடு 'டை' செய்துவிட்டால், அதாவது கட்டிவிட்டால் போதும். பைத்தானில் திறந்த ஃபைலே டிக்ஷனரி மாதிரி நடந்துகொள்ளும். அந்த 'மாதிரி'யை மறந்தால்தான் வம்பு. உள்ளே இருப்பவை வெறும் பைட்டுகள். பட்டியலையோ பொருளையோ வைக்க வேண்டுமென்றால் பைத்தானின் ஷெல்வ் என்ற தொகுதி அதைப் பைட்டுகளாக மடித்து எழுதும், கேட்கும்போது பிரித்துத் தரும். கையில் கிடைப்பது நகல்தான். அதில் ஓர் எண்ணைச் சேர்த்தால் ஃபைலுக்குத் தெரியாது. மாற்றிய பட்டியலை அதே சாவியில் திரும்ப வைக்க வேண்டும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் நான் இதில் ஒரு மாலைப்பொழுதை முழுதாக இழந்திருக்கிறேன்.

சாவிகளை வரிசையாகக் கேட்டால் ஹாஷ் போட்ட வரிசையில்தான் வரும். அகர வரிசையை எதிர்பார்க்காதீர்கள். சுற்றி வரும்போதே நீக்கிக்கொண்டு போவதும் ஆபத்து: ஜிடிபிஎம்மில் ஒன்றை நீக்கினால் மற்றவை இடம் மாறலாம், சில சாவிகள் கண்ணில் படாமலே போகும். முதலில் நீக்க வேண்டியவற்றைத் தனியே குறித்துக்கொண்டு பிறகு நீக்குவதே நல்லது. நீக்கிய பிறகும் ஃபைல் தானாகச் சுருங்காது. அதற்கென்று உள்ள மறுசீரமைப்புக் கட்டளையை நாம்தான் கொடுக்க வேண்டும். ஜிடிபிஎம்மில் ஒரே நேரத்தில் பலர் படிக்கலாம். எழுதுபவர் ஒருவர்தான், அவர் எழுதும்போது மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும்.

'கடந்த வாரம் பார்த்த முகவரிகள் எவை?' என்று மதிப்பை வைத்துக் கேட்கத் தோன்றும் அன்று நான், சர்வர் தேவைப்படாத சின்ன டேட்டாபேஸான எஸ்கியூலைட்டுக்குப் போய்விடுவேன். பைத்தான் 3.13-இலிருந்து நீங்கள் கேட்காமலே அது நடக்கிறது: டிபிஎம் என்று புதிதாகத் திறந்தால், வேறு வகையைக் குறிப்பிடாதவரை, உள்ளே உருவாவது எஸ்கியூலைட் ஃபைல். ஸ்கிரிப்டில் ஒரு வரி கூட மாறாது, ஆனால் தாம்சனின் பக்கங்களும் ஓட்டைகளும் அங்கே இல்லை.