பவர் பார்த்தாயிற்று, கண்ணைப் பார்த்தாயிற்றா?

கடைசியாகக் கண்ணை எப்போது காட்டினீர்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் கேட்பேன். "போன தீபாவளிக்குத்தானே டாக்டரம்மா, கண்ணாடி மாற்றினேன்" என்று பதில் வரும். கம்ப்யூட்டரில் முகத்தை வைக்கச் சொன்னார்கள், உள்ளே பலூன் படம் தெரிந்தது, எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்தேன், ஆகவே கண் நன்றாக இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. தஞ்சாவூர்ப் பக்கத்தில் கண் மருத்துவம் பார்க்கும் எனக்குப் பாதி நாள் இந்தக் கணக்கைத் திருத்துவதிலேயே போய்விடுகிறது.

அந்தப் பலூன் கருவி கண்டறிவது ஒன்றைத்தான்: கண்ணுக்குள் போகும் ஒளி விழித்திரையில் சரியாகக் குவிகிறதா, குவியவில்லை என்றால் எத்தனை பவர் தேவை. அது அவசியமான வேலை. கண்ணாடி போட்டால் தீர்ந்துவிடும் மங்கலோடு வருடக்கணக்கில் காலம் தள்ளுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். நாற்பதைத் தாண்டியதும் வரும் வெள்ளெழுத்துக்குக்கூட, ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிடுவார்களே தவிர கண்ணாடி போட மாட்டார்கள். முறையாகப் படித்துவிட்டுப் பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட்டுகள், சந்தேகம் வந்தால் அவர்களே எங்களிடம் அனுப்பிவைக்கிறார்கள். ஆனால் கண்ணுக்குள் அழுத்தம் எவ்வளவு, பார்வை நரம்பு எந்த நிலையில் இருக்கிறது, விழித்திரையில் கசிவு உண்டா என்பதெல்லாம் பவர் எழுதிய சீட்டில் வராது. கடைசி வரி வரை படித்துக்காட்டுகிறவரின் நரம்பு பாதிக்கு மேல் பட்டுப்போயிருப்பதைப் பார்ப்பது எங்கள் தொழிலில் அபூர்வம் இல்லை.

அப்படிப் பட்டுப்போகச் செய்வது கிளாகோமா என்னும் கண் அழுத்த நோய். கண்ணுக்குள் ஒரு திரவம் ஓயாமல் சுரந்து, கருவிழியின் ஓரத்தில் உள்ள மெல்லிய சல்லடை வழியாக வடிந்துகொண்டே இருக்க வேண்டும். வடிகால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்க வேண்டிய அது கூடினால், பார்வை நரம்பின் இழைகள் ஒவ்வொன்றாக இறக்கும். பெரும்பாலும் வலி கிடையாது, சிவப்பு கிடையாது. முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. ஒரு கண்ணில் விட்டுப்போன இடத்தை மற்றக் கண் நிரப்பிவிடும். மிச்சத்தை மூளை தானாகவே இட்டுக்கட்டிக்கொள்ளும். நேர்ப்பார்வையோ கடைசிவரை தெளிவாகவே இருக்கும். படிக்கிற கண்ணாடி வேண்டும் என்று வந்த ஒருவரிடம் துருவித் துருவிக் கேட்டால், இரண்டு சக்கர வண்டியில் போகும்போது பக்கத்திலிருந்து ஆள் "திடீரென்று" வந்துவிடுகிறார்கள் என்பார். வாசற்படியில் அடிக்கடி இடறுவதாக மனைவி எடுத்துக்கொடுப்பார். வயதாகிறது, அதனால்தான் என்று இருவருமே நினைத்திருப்பார்கள்.

அழுத்தம் சரியான அளவில் இருந்தும் நரம்பு கெடுகிறவர்களும் உண்டு. ஆகவே அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு அனுப்புவதும் போதாது. நரம்பைக் கண்ணால் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் பார்வைப் புலத்தை, அதாவது பக்கவாட்டில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை, அளக்கும் பரிசோதனையும் செய்ய வேண்டும். "நான்தான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேனே" என்று பலர் சொல்வதுண்டு. ரத்த அழுத்தம் வேறு, கண் அழுத்தம் வேறு. அந்த மாத்திரையை நம்பி இந்தப் பரிசோதனையை விட்டுவிட முடியாது.

இந்த நோயில் எனக்குச் சலிப்பூட்டும் பகுதி கண்டுபிடித்த பிறகுதான் தொடங்குகிறது. சொட்டு மருந்து எழுதிக்கொடுப்போம். இரண்டு மாதம் போட்டுவிட்டு, "பார்வை ஒன்றும் கூடவில்லையே" என்று நிறுத்திவிடுவார்கள். பார்வை கூடப்போவதில்லை. இறந்த இழை திரும்ப முளைப்பதில்லை. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் அந்த மருந்து, அநேகமாக ஆயுள் முழுக்க. போடும் முறையிலும் நிறையத் தவறு நடக்கிறது. ஒரு சொட்டு போதும். இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். போட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் லேசாக அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு வகை மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில் தீர்ந்துவிட்டது, திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று விடுகிற நாட்களிலும் அழுத்தம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் என்றால், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் நாற்பது வயது வரை காத்திருக்காமல் வந்து காட்ட வேண்டும். அண்ணனுக்கு வைத்தியம் பார்க்கும்போது தம்பியை அழைத்து வாருங்கள் என்று சொல்லி, தம்பி வந்த குடும்பங்கள் குறைவு.

சர்க்கரை நோயும் இதே மாதிரி ஓசையில்லாமல்தான் கண்ணுக்குள் நுழைகிறது. விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பலவீனப்பட்டுக் கசியும், பிறகு அடைபடும், அடைபட்ட இடத்தில் முளைக்கும் புதுக் குழாய்கள் ஒரு நாள் வெடித்துக் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். அதுவரை பேப்பர் படிக்கலாம், டிவி பார்க்கலாம். பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்றால், கண்டுபிடித்த உடனேயே விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். இப்போதுதான் தெரிந்தது என்பார்களே தவிர, அது பல வருடம் உடம்பில் ஒளிந்திருந்திருக்கும். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு தடவை பார்க்க வேண்டும், ஏனென்றால் கர்ப்ப காலத்தில் இது வேகமெடுக்கக்கூடும். லேசர் செய்தாலும் ஊசி போட்டாலும் பெரும்பாலும் சேதத்தைத் தடுத்து நிறுத்தத்தான் முடியும். சீக்கிரம் வந்தவர்களுக்கு ஓரளவு பார்வையும் மீளும். கண்ணுக்குள் ஊசி என்றதும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார்கள். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுத்தான் போடுகிறோம், ஊசி உள்ளே இருப்பது சில விநாடிகள்.

இதை ஒட்டி இன்னொன்று. சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லையில் நீர் ஏறி இறங்கும், பவரும் கூடவே மாறும். அந்த நேரத்தில் போட்ட கண்ணாடி அடுத்த மாதமே பொருந்தாமல் போகும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து சில வாரம் பொறுத்து அளவெடுப்பதுதான் பணத்துக்கும் நல்லது.

இனி எனக்குக் கோபம் வரும் இடம். மருந்துக்கடையில் "கண் சிவந்திருக்கிறது, ஒரு சொட்டு மருந்து கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவது. பல கடைகளில் எடுத்துக் கொடுப்பது ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. இரண்டே நாளில் சிவப்பு மறையும், அரிப்பு நிற்கும். ராசியான மருந்து என்று பெயர் வாங்கிவிடும். ஒவ்வாமையால் வெயில் காலம் முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும் பையனுக்கு, அம்மா அதே காலிக் குப்பியைக் காட்டிக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்குவார். அரிப்பு அடங்கியிருக்கும் அதே நேரத்தில் உள்ளே கண் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். வில்லையின் பின்புறத்தில் புரை படரத் தொடங்கியிருக்கும். கரும்பலகை தெரியவில்லை என்று பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பும்போதுதான் என்னிடம் வருகிறார்கள். பன்னிரண்டு வயதில் புரை அறுவைச் சிகிச்சையும் கிளாகோமாவும். ஒவ்வாமையோ வயது ஏற ஏறத் தானே தணிந்துபோகக்கூடிய ஒன்று.

டெல்டாவில் அறுவடைக் காலத்தில் இதன் இன்னொரு முகம் தெரியும். நெல் சொங்கோ கரும்புத் தோகையோ கண்ணில் கீறும். அந்தக் கீறல் வழியே பூஞ்சை கருவிழிக்குள் இறங்கும். முதல் நாள் நாக்கால் தூசி எடுத்தல், மறுநாள் தாய்ப்பால், அதற்கடுத்த நாள் நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய். எதுவும் கேட்கவில்லை என்றால் மருந்துக்கடைச் சொட்டு. ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பைத்தான் அடக்கும். பூஞ்சைக்கு அது திறந்துவிட்ட மடை. எங்களிடம் வரும்போது கருவிழியில் வெள்ளையாகப் புண் பரவியிருக்கும். மாதக்கணக்கில் மருந்து போட்டு ஆற்றினாலும் பெரும்பாலும் தழும்பு விழும். கண்ணில் பூ விழுந்தது என்று ஊரில் சொல்வார்களே, அது. பிறகு தானமாக வந்த கருவிழிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று சொல்ல வரவில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நானே எழுதுகிறேன். எத்தனை நாள், எப்படிக் குறைப்பது, எப்போது வந்து அழுத்தம் பார்ப்பது என்று தேதியோடு எழுதுகிறேன். குப்பியின் மேல் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசொலோன், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் சீட்டு இல்லாமல் போடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலன் கொடுத்தது உங்களுக்குப் பொருந்தாது. போன வருடம் திறந்த குப்பியும் வேண்டாம். திறந்து ஒரு மாதம் ஆனால் எறிந்துவிடுங்கள்.

மெட்ராஸ் ஐக்குப் பெரும்பாலும் எந்த மருந்தும் பெரிதாகச் செய்வதில்லை, அது வைரஸ். ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். பார்த்தால் ஒட்டிக்கொள்ளாது, கறுப்புக் கண்ணாடி போட்டால் நிற்கவும் நிற்காது. கை, துண்டு, தலையணை உறை வழியாகத்தான் பரவும். ஆனால் சிவந்த கண்ணெல்லாம் மெட்ராஸ் ஐ இல்லை. நல்ல வலி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல், பார்வை மங்கல் இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் அன்றைக்கே வாருங்கள். சுண்ணாம்போ ஆசிடோ பட்டால் மட்டும் உடனே புறப்படாதீர்கள்: முதலில் குழாயடியில் அரைமணி நேரம் கண்ணைக் கழுவிவிட்டுப் பிறகு புறப்படுங்கள்.

கண்புரையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஊருக்கே தெரியும். ஒன்று மட்டும். "முற்றட்டும், பிறகு எடுக்கலாம்" என்பது பழைய காலத்துக் கணக்கு. இன்றைய முறைகளுக்கு முற்ற வேண்டியதில்லை. முற்றவிட்டால் அறுவைச் சிகிச்சை கடினமாவதோடு, வீங்கிய புரையே கண் அழுத்தத்தையும் ஏற்றிவிடலாம். எழுபது வயதில் திடீரென்று கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறேன் என்று பெருமைப்படும் தாத்தாக்களையும் கொஞ்சம் அழைத்து வாருங்கள். வில்லையின் நடுவில் புரை இறுகும்போது கிட்டப்பார்வை கூடி இப்படி ஒரு தற்காலிகச் சலுகை கிடைக்கும். செலவைச் சொல்லித் தள்ளிப்போட இப்போது காரணம் குறைவு. 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக 1992-ல் வந்த ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே தயாரித்து விலையைப் பல மடங்கு இறக்கியது. 1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை சென்னை எழும்பூரில் இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் இலவசமாகவே செய்கிறார்கள்.

குழந்தைகளுக்கு: மாறுகண் அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டால் அந்தக் கண் பார்க்கவே பழகாமல் போய்விடும். ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் முழுப் பலன். கண்மணியில் வெள்ளையாக ஏதாவது மின்னினால், ஃபோட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக விழுந்தால், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அது விழித்திரையில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். 34 வாரத்துக்கு முன்போ இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும்.

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி செல்ஃபோனைப் பற்றியது. அது யாரையும் குருடாக்காது. திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறையும், கண் உலரும், எரியும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை தூரத்தில் எதையாவது இருபது விநாடி பார்த்தால் தணியும். நீல ஒளியைத் தடுக்கும் என்று கூடுதல் விலைக்கு விற்கும் கண்ணாடி கண் களைப்பைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அந்தக் காசில் பையனுக்கு ஒரு கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுக்கலாம்; தினமும் இரண்டு மணி நேரம் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது.

நாற்பது வயதைத் தொட்டவர்கள் முழுப் பரிசோதனைக்கு வரும்போது பழைய கண்ணாடி, சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, வீட்டில் இருக்கும் எல்லாச் சொட்டு மருந்துக் குப்பிகள் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். கண்மணியை விரிக்க மருந்து விடுவோம். அதற்கே அரைமணி நேரம் ஆகும், பிறகு சில மணி நேரம் கிட்டத்து எழுத்து கலங்கும், வெயில் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள், கூட ஒருவரை அழைத்து வாருங்கள். அன்று மாலை கல்யாண வரவேற்பு இருந்தால் பரிசோதனையை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த நாளை இப்போதே குறித்துவிடுங்கள்.