தலைவலி என்று சொல்லும் பிள்ளை: ஹாங்காங்கில் மனநல உதவி பள்ளிக்கூடம் வரை வந்த கதை

1980-ல் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், சீனாவின் ஹூனான் மருத்துவக் கல்லூரியில் 100 நோயாளிகளைச் சந்தித்தார். எல்லோருக்கும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் சொன்னதெல்லாம் தலைவலி, தூக்கமின்மை, அசதி, தலைசுற்றல். பொறுமையாக விசாரித்துப் பார்த்தால், அவர்களில் 87 பேருக்கு மனச்சோர்வு நோய்.

அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நீண்ட நாள் மன அழுத்தத்தில் தசைகள் இறுகும், குடல் இயக்கம் மாறும், தூக்கம் கெடும். வலி நிஜமான வலிதான். ஆனால் வலிக்கு மருந்து கேட்டுப் போவது எளிது. மனசு சரியில்லை என்று சொன்னால் குடும்பத்துக்கே தலைக்குனிவு என்று எண்ணும் சமூகத்தில் யார் வாய்திறப்பார்கள்? தேர்வு நெருங்கும்போது வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் இன்றும் இதையே பார்க்கலாம். இந்தத் தயக்கத்தைத் தாண்டி உதவி எப்படிப் பிள்ளையைச் சென்றடைகிறது என்பதற்கு ஹாங்காங் நல்ல உதாரணம்.

முதலில் வயதைப் பற்றி ஒரு வார்த்தை. வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் ஏறக்குறைய பாதி, 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன. உணர்ச்சிகளைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் பருவ வயதில் முந்திக்கொள்கின்றன. அவற்றை நிதானப்படுத்தும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபது வயது தாண்ட வேண்டும். தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதும் இந்த வயதில் இரவில் தள்ளிப்போகிறது. பள்ளி மணியோ காலையில் அடித்துவிடும். நடுவே டியூஷன், வீட்டுப்பாடம், பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கும் பொதுத்தேர்வு. குறைவது எது என்றால் தூக்கம்தான். அது குறையக் குறைய மனம் இன்னும் சீக்கிரம் துவண்டுபோகும்.

சரி, உதவி எங்கே கிடைக்கும்? அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டுமென்றால் பரிந்துரைக் கடிதம் வேண்டும், அப்புறம் நீண்ட காத்திருப்பு. இதற்கு மாற்றாக 2009-ல் டின் சுயி வாய் என்ற புறநகரில், வருமானம் குறைந்த குடும்பங்கள் நிறைய வாழும் அரசுக் குடியிருப்புப் பகுதியில், ஒரு சமுதாய மனநல மையத்தைச் சோதனையாகத் தொடங்கினார்கள். 2010 அக்டோபரில் அதே மாதிரி மையங்கள் 18 மாவட்டங்களுக்கும் வந்துவிட்டன. டாக்டர் கடிதம் தேவையில்லை. நேராக உள்ளே போகலாம். சமூகப் பணியாளர் பேசுவார், தேவைப்பட்டால் வீட்டுக்கே வருவார். மனநலச் செவிலியரும், அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் அதே இடத்தில் இருப்பார்கள். முதலில் 15 வயது நிரம்பியவர்களுக்கென்று இருந்த சேவையைப் பிறகு உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் விரித்தார்கள். சில மாவட்டங்களில் இந்த மையங்களுக்கு நிரந்தர இடம் கிடைக்கவே ஆண்டுக்கணக்கில் ஆனது. ‘எங்கள் கட்டடத்தில் வேண்டாம்’ என்று குடியிருப்போரே எதிர்த்தார்கள். நோயைவிடக் களங்க அச்சம் எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை தானாக ஒரு மையத்தைத் தேடிப் போவது அபூர்வம். அதனால்தான் பள்ளி முக்கியமாகிறது. 2016-ல் தொடங்கிய மாணவர் மனநல ஆதரவுத் திட்டத்தில், ஆசிரியர், பள்ளியின் சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் மூவரும் ஒரே குழுவாக உட்கார்ந்து ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார்கள். கணக்கு நோட்டு மூன்று வாரமாக வரவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியும். வீட்டில் அப்பா அம்மா பிரிந்திருப்பது சமூகப் பணியாளருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இது சோம்பலா நோயா என்று கணிக்கச் செவிலியரால் முடியும். தனித்தனியாக இருந்தால் மூவருமே கோட்டைவிட்டிருப்பார்கள். 2019-லிருந்து ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் இரண்டு சமூகப் பணியாளர்கள்.

கணிப்பதற்கு உலகெங்கும் பயன்படும் ஒரு கருவி, ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வம் இல்லையா, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பொதுவாக 10-ஐத் தொட்டால் நிபுணர் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. மொத்தம் குறைவாக இருந்தாலும் இதற்கு ஆம் என்று குறித்த பிள்ளையிடம் அன்றே ஒருவர் பேசியாக வேண்டும். இப்படிக் கேட்பதே அந்த எண்ணத்தைத் தூண்டிவிடும் என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்டுவிட்டால் பிள்ளைக்குப் பாரம் குறைவதுதான் அதிகம்.

2023-ல் மாணவர் தற்கொலைகள் நகரத்தை உலுக்கிய பிறகு, அந்த டிசம்பரில் மூன்றடுக்கு அவசர ஏற்பாடு வந்தது. ஆபத்தில் இருக்கும் மாணவரைப் பள்ளிக் குழு அடையாளம் கண்டு முதலில் கவனிக்கும். ஆள் போதாவிட்டால் வெளியிலிருந்து சமூகப் பணிக் குழு வரும். நிலைமை மோசம் என்றால் தலைமையாசிரியரே கடிதம் கொடுத்து மனநல மருத்துவருக்கு அனுப்பலாம். அந்தப் பிள்ளைக்கு வரிசையில் முன்னுரிமை உண்டு. என் பார்வையில் இந்த மூன்றாவது அடுக்குதான் பெரிய மாற்றம். வகுப்பறையில் தினமும் பிள்ளையைப் பார்ப்பவர்களின் சொல்லுக்கு மருத்துவமனையில் மதிப்பு கிடைத்திருக்கிறது.

சீனப் பெருநிலத்தில் பாதை வேறு. 2004-ல் 68.6 லட்சம் யுவான் நிதியோடு தொடங்கியதால் ‘686 திட்டம்’ என்றே பெயர் பெற்ற சமுதாய மனநலத் திட்டம், கடுமையான மனநோய் உள்ளவர்களைத்தான் முதலில் கவனித்தது. பிள்ளைகளின் முறை தாமதமாகவே வந்தது: உயர்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களின் உடல் பரிசோதனையில் மனச்சோர்வுப் பரிசோதனையையும் சேர்க்கும்படி 2020-ல் அரசு அறிவித்தது. பரிசோதித்துக் கண்டுபிடித்த பிள்ளைக்குப் பேச ஆள் இல்லையென்றால் அந்தத் தாளால் பயனில்லை. கிராமப்புறப் பள்ளிகளில் அதுதான் என் கவலை.

தைவான் 2023 ஆகஸ்டில் 15 முதல் 30 வயதுள்ளவர்களுக்கு மூன்று முறை இலவச ஆலோசனை அளித்தது. 2024-ல் சில உயர்நிலைப் பள்ளிகளில், பருவத்துக்கு மூன்று நாள் வரை மனநல விடுப்பு எடுக்கவும் வழிசெய்தது. சான்றிதழ் தேவையில்லை, ஆனால் பெற்றோர் சம்மதம் வேண்டும். வீட்டில் சொல்லவே பயப்படும் பிள்ளைக்கு இந்த விடுப்பு எட்டாது. அந்தப் பிள்ளைக்கு, பள்ளி நேரத்தில் யாரும் கவனிக்காமல் நுழைந்துவிடக்கூடிய சமூகப் பணியாளரின் அறைதான் பக்கத்தில் இருக்கிறது.